முட்டுக்கட்டை கெட்ட வார்த்தை இல்ல

செய்தித்தாளைத் திறந்தா தினமும் ஒரு முட்டுக்கட்டை இருக்கும். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை, யாரோ ஒரு அமைச்சர் யாரோ ஒரு திட்டத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை. நம்ம காலேஜ்லயும் அப்படித்தான். பிராஜெக்ட் டீம்ல ஒருத்தர் "கொஞ்சம் இருங்கப்பா, இத செக் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணலாம்"னு சொன்னா போதும், அன்னையிலிருந்து அவருக்குப் பேரு முட்டுக்கட்டை. நான் இங்கிலீஷ் மீடியம். இந்த வார்த்தைக்குத் 'தடை'ங்கிற ஒரே அர்த்தம்தான் ரொம்ப நாள் எனக்குத் தெரியும். அது நிஜமாவே ஒரு கட்டை, அதைக் கையில வெச்சிருக்கிற ஆள் இல்லாம ஒரு ஊரோட மிகப் பெரிய வண்டி நகரவே முடியாதுங்கிறதெல்லாம் மயிலாப்பூர்ல நேர்ல பார்த்த பிறகுதான் புரிஞ்சுது.

கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவுல ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். நம்மள்ல பெரும்பாலானவங்க எட்டாம் நாள்தான் போவோம். கூட்டம், நீர்மோர், பொம்மை, ரீல்ஸ் எல்லாம் அன்னைக்குத்தான். ஒரு தடவை ஏழாம் நாள் காலையில போங்க. கிழக்கு மாட வீதி, தெற்கு மாட வீதி, ஆர்.கே. மடம் சாலை, வடக்கு மாட வீதின்னு கோயிலையும் குளத்தையும் சேர்த்து ஒரு சுத்து. சாமியைப் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் சக்கரத்தையும் பாருங்க.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. பழைய மாதிரித் தேருக்கு பிரேக்கும் கிடையாது. முன்னாடி வடம் பிடிச்சு நூத்துக்கணக்கான பேர் இழுக்கிறாங்க. அவங்களால இழுக்க மட்டும்தான் முடியும். எங்கே நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவு பண்றது சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சபடியே நடந்து வர்ற சில பேர். அவங்க கையில ஆப்பு மாதிரிச் சரிவா செதுக்கின கெட்டி மரத்துண்டு. வலது சக்கரத்துக்கு முன்னாடி அதைப் போட்டா வலது பக்கம் இழுவை குறையும், இடது பக்கம் முந்தும், தேர் வலது பக்கமாத் திரும்பும். ரெண்டு பக்கமும் போட்டா நிக்கும். சக்கரம் ஏறி நசுக்கின கட்டையை ஓரமாத் தள்ளிட்டு அடுத்த கட்டையை எடுப்பாங்க. அதாவது தேரை ஓட்டுறதே முட்டுக்கட்டைதான். இதை எப்படி நாம 'தடை'ன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டோம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியணும்னா திருவாரூருக்குப் போகணும். ஆழித்தேர் 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். 1926-ல பழைய தேர் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. பிறகு புதுசா செஞ்ச தேரும் பல வருஷம் ஓடாம நின்னு, 1970-ல மறுபடி ஓடுச்சு. திருச்சி பெல் நிறுவனம்தான் இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் பொருத்திக் கொடுத்தது. பின்னாடி தள்ள புல்டோசர். இவ்வளவு இருந்தும் முட்டுக்கட்டை போடுற ஆட்களுக்கு இன்னும் ரிட்டையர்மென்ட் கிடைக்கல.

சின்னக் கணக்கு ஒண்ணு. 300 டன் தேர் ஒரே ஒரு டிகிரி சரிவுல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. கண்ணுக்கே தெரியாத சரிவு. ஒரு டிகிரியோட சைன் 0.0175. 300-ஆல பெருக்கினா 5 டன்னுக்கு மேல. யாரும் வடத்தைத் தொடாமலேயே அஞ்சு டன் விசை அந்தத் தேரைக் கீழ்நோக்கித் தள்ளிக்கிட்டே இருக்கு. அதே ஒரு டிகிரி பக்கவாட்டுச் சாய்வா இருந்தா, 96 அடி உயரத்துல இருக்கிற உச்சி ஒன்றரை அடிக்கு மேல வெளியே நகரும். உயரமான வண்டிக்குச் சமதளம் எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல விளக்கத் தேவையில்ல. 2022 ஜூன்ல தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளியில தேர் சாய்ஞ்சு 2 பேர் இறந்தாங்க. கட்டை போடப்போய் சக்கரத்துல சிக்கினவங்க செய்தியும் பல ஊர்லேருந்து பல தடவை வந்திருக்கு. பேப்பர்ல ஒரு பத்திச் செய்தி, அவ்வளவுதான். வடம் பிடிச்ச வி.ஐ.பி. போட்டோ மட்டும் முதல் பக்கத்துல வரும்.

தேர் பழங்காலம், இப்ப எல்லாத்துக்கும் பிரேக் இருக்குன்னு நீங்க சொல்லலாம். சரி, ரயிலுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 25. ஜம்முவுல இருக்கிற கதுவா ஸ்டேஷன்ல ஜல்லி ஏத்தின 53 வேகன் சரக்கு ரயில் ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்தது. டிரைவர் இறங்கிட்டார். ரயில் தானா நகர ஆரம்பிச்சது. பஞ்சாப் பக்கம் இறக்கம். எஞ்சின்ல ஆளே இல்லாம சுமார் 70 கிலோமீட்டர், ஸ்டேஷன் மேல ஸ்டேஷனாத் தாண்டி ஓடுச்சு. கடைசியில ஊஞ்சி பஸ்ஸிங்கிற இடத்துல நிறுத்தினாங்க. எதை வெச்சுன்னு நினைக்கிறீங்க? தண்டவாளத்துல போட்ட மணல் மூட்டையும் மரக்கட்டையும். கிளம்பினதுக்குக் காரணமா ரயில்வே சொன்னது, ஹேண்ட் பிரேக் போடல, சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கல. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம், வேற ஒண்ணும் இல்ல.

விமானத்துறைக்காரங்க இதுல நம்மள விட மரியாதை தெரிஞ்சவங்க. மீனம்பாக்கத்துல விமானம் வந்து நின்ன உடனே ஒருத்தர் ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார், ஜன்னல் சீட் கிடைச்சா பாருங்க. கட்டை எடுத்த நேரம், கட்டை வெச்ச நேரம்னுதான் ஒரு பயணத்தோட காலத்தையே அவங்க பேசுவாங்க. அங்கே யாரும் அந்த ஆளைப் பார்த்து 'முட்டுக்கட்டை'ன்னு நக்கல் அடிக்கிறதில்ல.

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. வெளிநாட்டுல காருக்குப் பின்னாடி வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த டிரெய்லர் வீட்டை கேம்ப் போடுற இடத்துல நிறுத்துறதுக்குன்னு ஒரு வரிசை வெச்சிருக்காங்க. முதல்ல இடமும் வலமும் சமம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல ஏத்தணும். அப்புறம் சக்கரத்தோட ரெண்டு பக்கமும் கட்டை. அதுக்கு அப்புறம்தான் காரிலிருந்து கழற்றணும். முன்பின் சமத்தை முன்பக்க ஜாக்கைத் திருகி சரி பண்றது கடைசி. கட்டை வைக்காம கழற்றினா வீடு தனியா ஊர்வலம் போகும். நமக்கு கேரவன்னா ஷூட்டிங் நாள்ல அடையார் தெருவை அடைச்சுக்கிட்டு நிக்கிற நடிகர் வண்டிதான் ஞாபகம் வரும். ஆனா இழுத்துட்டு வந்து நிறுத்தி, சமம் பண்ணி, கட்டை வெச்சு, மேல நெருப்பு மூட்டிப் பிழைக்கிற வண்டி நம்ம ஒவ்வொரு தெருவுலயும் இருக்கு. இஸ்திரி வண்டி. தள்ளுவண்டி டிபன் கடை.

மந்தைவெளி, அடையார் பக்கத்துல ஒரு இஸ்திரி வண்டியோட காலடியைக் கவனிச்சுப் பாருங்க. ரோடோர பக்கச் சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு இருக்கும். சும்மா கிடக்கிற பலகை இல்ல அது. மழைத்தண்ணி வடியணும்னு ரோடு நடுவுல மேடாவும் ஓரத்துல தாழ்வாவும் இருக்கும், தார் ரோட்டுக்கு சுமாரா 2 சதவீதச் சரிவு. சிவில்காரங்க இதை கேம்பர்னு எழுதி ரெண்டு மார்க் வாங்குவாங்க. நாலு அடி அகல வண்டிக்கு 2 சதவீதம்னா ஏறக்குறைய ஒரு இன்ச். பலகையோட கனமும் சரியா அதேதான். அந்த அண்ணன் கேம்பர் படிக்கல. கரி போட்ட பெட்டி ஒரு பக்கமா நகருதான்னு பார்த்தே ஒரு இன்ச்னு கண்டுபிடிச்சிருக்கார்.

டிபன் கடை அக்காகிட்ட இன்னும் நல்ல கருவி இருக்கு. தோசைக்கல்லுல எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் தாழ்வு. ரசமட்டக் குழாயெல்லாம் வேண்டாம். சமம் பார்த்ததுக்கு அப்புறம் ரெண்டு சக்கரத்துக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு செங்கல், அதுக்கும் அப்புறம்தான் அடுப்பு. வடை போடுற எண்ணெய் 180 டிகிரி பக்கத்துல கொதிக்கும். அந்தச் சட்டி இருக்கிற வண்டி அரை அடி நகர்ந்தா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. பிளேட்டைக் கையில வெச்சுக்கிட்டு அந்தச் செங்கல்மேல காலை ஊனி நின்னு சாப்பிடுறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். தயவுசெய்து தள்ளி நில்லுங்க.

நாம எதுக்குக் கட்டை வைக்கிறோம்? பைக்குக்கு. ஏப்ரல், மே வெயில்ல தார் இளகி சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்கும், பைக் மெதுவா சாயும், அதனால ஒரு சப்பைக் கல்லைத் தேடி அடியில தள்ளுவோம். தி.நகர்ல பொருள் வாங்கப் போற ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்ச வித்தை. நல்ல விஷயம். இதே புத்தி காருக்கு வரும்போது எங்கே போகுதுன்னுதான் கேக்குறேன்.

சென்னை தட்டை ஊரு. ஊட்டிக்காரங்க மாதிரி சரிவைப் பார்த்துப் பயப்பட நமக்கு யாரும் கத்துக் கொடுக்கல. நம்ம ஊர்ல சரிவுன்னா மேம்பாலம், இல்லாட்டி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப். எட்டுக்கு ஒண்ணு சரிவுல இருக்கிற ராம்ப்ல 1000 கிலோ கார் நின்னா, அதை இறக்கிவிட ஏறக்குறைய 125 கிலோ விசை காத்துக்கிட்டு இருக்கு. பிரெண்டோட காரை அப்படி ஒரு ராம்ப்புக்குப் பக்கத்துல நிறுத்தி, ஜாக்கி போட்டு ஏத்தி, "கியர்ல போட்டிருக்கேன் மச்சி, நகராது"ன்னு சொல்லிட்டு டயரைக் கழற்றுறவங்களுக்காக ஒரு விஷயம் சொல்றேன். இதை மெக்கானிக்கல் படிக்கிறவங்களும் சொல்றாங்கங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

இப்ப ஓடுற சின்ன கார்கள்ல நிறைய, முன் சக்கரத்துக்குத்தான் எஞ்சின் விசை போகும். முதல் கியர்ல போட்டா முன் சக்கரங்களைத்தான் எஞ்சின் பிடிச்சு நிறுத்தும். ஆனா நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. ரெண்டு சக்கரமும் தரையில இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல. ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில தூக்கிட்டா, தூக்கின சக்கரம் பின்பக்கமா சுத்தும், தரையில இருக்கிற சக்கரம் முன்பக்கமா உருளும், எஞ்சின் அசையவே அசையாது. எபிசைக்ளிக் கியர் கணக்குல 'ஆர்ம் ஃபிக்ஸ்டு'னு போடுவோமே, அதேதான். கியர்ல போட்டது அந்த நிமிஷமே செல்லாது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும். முன்னாடி தூக்கும்போது அது காப்பாத்தும், கேபிள் நல்லா இருந்தா. பின் சக்கரம் ஒண்ணைத் தூக்கினா அந்தக் காவலும் பாதியாயிடும். அதனாலதான் தூக்குற சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி தொடுறதுக்கு முன்னாடி கட்டை. ஜாக்கி இறங்கி, வண்டி நாலு காலிலும் நின்ன பிறகுதான் அதை எடுக்கணும். ஜாக்கிக்கு அடியிலயும் ஒரு பலகை வைங்க, பைக் ஸ்டாண்டு முங்குற அதே தார்லதான் ஜாக்கியும் முங்கும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேணும். இதுல விவாதமே இல்ல.

கல் போதாதான்னு கேப்பீங்க. லாரிக்காரங்க கல்தானே வைக்கிறாங்க. வைக்கிறாங்க, சக்கரத்தோட ஒட்டி, பெருசா. நாம வைக்கிறது ரோட்டுல கிடைச்ச உருண்டைக் கல், அதுவும் நாலு விரல் இடைவெளி விட்டு. உருண்டைக் கல் சக்கரத்தோட சேர்ந்து உருளும். இடைவெளி விட்டா அந்த நாலு விரல்ல வண்டி வேகம் எடுத்து, கல்லைத் தாண்டிக் குதிக்கும். நிக்கிற சக்கரத்தைப் பிடிச்சு வைக்கிறது சுலபம், ஓட ஆரம்பிச்சதை நிறுத்துறது வேற கதை. வேலை முடிஞ்சதும் அந்தக் கல்லை நடு ரோட்டுலயே விட்டுட்டுப் போறவங்க இருக்காங்களே, அவங்களைப் பத்தி ராத்திரி ஸ்கூட்டர்ல வர்ற யாரையாவது கேளுங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்‌ஷாப்ல, எந்த காலேஜ்னு கேக்காதீங்க, போட்டிக்காக மாணவர்கள் செஞ்ச கார் ஒண்ணு ஏழெட்டு நாள் ஜாக்கி மேலேயே நின்னுச்சு. அடியில படுத்து வெல்டிங். சக்கரத்துக்கு ஒரு கட்டை கூட கிடையாது. சஸ்பென்ஷனுக்கு சாஃப்ட்வேர்ல சிமுலேஷன் ஓட்டி நூறு பக்கம் ரிப்போர்ட் இருந்தது. கட்டை எங்கேன்னு கேட்ட ஒரே பொண்ணுக்குக் கிடைச்ச பட்டப்பேர் என்னன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க.

இதை மாத்த பெருசா ஒண்ணும் வேண்டாம். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல கார்பென்ட்ரி செஞ்சோம்ல? ஒரு மரத்துண்டைக் கொடுத்து, அறுத்து, இழைச்சு, டி-ஜாயின்ட் போடச் சொன்னாங்க. மார்க் போட்டாச்சு. அந்த ஜாயின்ட் இப்ப எங்கே? மூலையில குப்பை. எல்லா பேட்ச்சும் அதே குப்பையைத்தான் செய்யுது. அதுக்குப் பதிலா ஒவ்வொரு மாணவரும் ஒரு ஜோடி முட்டுக்கட்டை செய்யட்டும். அறுக்கிறதும் இழைக்கிறதும் கோணம் பிடிக்கிறதும் இதுலயும் உண்டு. எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்ல ஆப்பு உராய்வுன்னு ஒரு கணக்கு வருமே, படத்துல ஒரு முக்கோணம், ஒரு அம்புக்குறி, மியூ சமம் 0.3. அந்த முக்கோணம் தேர் முட்டுக்கட்டைதான்னு நமக்கு யாருமே சொல்லல. கையில செஞ்ச கட்டையை வெச்சு அந்தக் கணக்கைப் போட்டா ஜென்மத்துக்கும் மறக்காது.

செய்யப் போறவங்களுக்கு அளவு சொல்லிடறேன். கட்டையோட உயரம் சக்கர விட்டத்துல கால் பங்கு இருக்கட்டும், 24 இன்ச் டயர்னா 6 இன்ச். அந்த உயரத்துல செங்குத்தான முகம் இருந்தாக்கூட, சக்கரம் ஏறித் தாண்ட, அதுமேல இருக்கிற எடையைப் போல 1.7 மடங்குக்கு மேல விசை வேணும். அதனால வண்டி கட்டையைத் தாண்டிப் போறது நடக்காத காரியம். நடக்கக் கூடியது, சிமென்ட் தரையில தூசுமேல கட்டையே சறுக்கிக்கிட்டுப் போறதுதான். டயர் படுற முகத்தைச் சரிவா செதுக்குங்க, அப்பதான் வண்டியோட எடையே கட்டையைத் தரையில அழுத்தும். அடியில பழைய டயர்லேருந்து வெட்டின ரப்பரை ஆணி அடிச்சு ஒட்டுங்க, ஆணித்தலை உள்ளே அமுங்கியிருக்கட்டும். ஈர மரம் வேண்டாம். வெடிப்பு விட்டதும் வேண்டாம். இருட்டுலயும் தெரியுற மாதிரி மஞ்சள் பெயின்ட் அடிங்க. ஒரு ஜோடிக்கு நடுவுல கயிறு கட்டிட்டா, எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில கைவிட வேண்டியதில்ல. கயிறோட நீளத்தை மட்டும் தாராளமா விடுங்க. மிச்ச முனையை டிரைவர் பக்கக் கதவுக் கைப்பிடியில சுத்தி வெச்சுட்டா, கட்டை இருக்கிறதை மறந்து யாரும் வண்டியை எடுக்க மாட்டாங்க.